கூட்டாளியின் வரைபடம்

போன தீபாவளி விடுமுறையில் சிங்கப்பூரை நான் நான்கு முறை இழந்தேன். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 விளையாட்டில்தான். நான் எடுத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா. ஜப்பான் எதிரி. பிரிட்டன் கூட்டாளி, அது கணினியின் கையில். மூன்றாவது ஆட்டத்தில் ஜித்ரா பக்கம் ஆறு டிவிஷன்களை நிறுத்தி, மாதக்கணக்கில் ரயில்பாதையைப் பலப்படுத்தி, தயாராக உட்கார்ந்திருந்தேன். ஜப்பான் இறங்கிய அதே வாரம் பிரிட்டன் தன் படையைக் கப்பலில் ஏற்றி நார்வேக்கு அனுப்பியது. நார்வேக்கு! நான்காவது ஆட்டத்தில் நேர்மாறு. என் வரிசையிலேயே அது கும்பல் கும்பலாக வந்து நின்றது. வந்தது உதவிதான். ஆனால் அந்த இடத்துக்குப் போகிற சப்ளை அவ்வளவு பேருக்குக் காணாது. என் ஆட்களும் பட்டினி, அவன் ஆட்களும் பட்டினி. ஜப்பான் சும்மா நடந்து வந்தான்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். 2021இல் வந்த 'நோ ஸ்டெப் பேக்' விரிவாக்கத்துக்குப் பிறகு இதில் சண்டையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரயில்பாதையும் சப்ளை மையங்களும்தான். எவ்வளவு பெரிய படையாக இருந்தாலும் சாப்பாடு வராவிட்டால் கரைந்துபோகும். கணினி ஆடும் கூட்டாளி நாடுகளுக்கு இது உறைப்பதே இல்லை. நீங்கள் பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்திய மூலையில் வந்து குந்திக்கொண்டு எல்லாவற்றையும் தின்று தீர்க்கும். பழைய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இதைவிட நேர்மையானது. அதில் 31 என்று தட்டினால் 'எதிரியைத் தாக்கு' என்று கூட்டாளிக்குச் செய்தி போகும். சில நேரம் போவான். சில நேரம் அந்தப் பக்கம் போய் ஒரு வேலியை வெட்டிக்கொண்டு நிற்பான்.

நார்வே விவகாரத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே ஏசிவிட்டேன். பின்னால் சாய்நாற்காலியில் இருந்த பாட்டி, "யாரடா ஏசுற?" என்றார்.

"கூட்டாளியத்தான் பாட்டி."

மலேசியத் தமிழில் கூட்டாளி என்றால் நண்பன். என் பள்ளிக் கூட்டாளி, வேலையிடத்துக் கூட்டாளி என்போம். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் போலீஸ் வாசம் உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. பாட்டிக்கு நான் ஆட்டத்தை விளக்கினேன். ஜப்பான், மலாயா, 1941 என்று சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "எங்க அப்பாவப் புடிச்சிட்டுப் போனவனும் சித்தப்பாவுக்குத் துப்பாக்கி குடுத்தவனும் ஒரே ஆளுதானடா. அத மட்டும் யாரும் ஒண்ணாச் சேத்துச் சொல்ல மாட்டேங்கிறீங்க."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தால் எழுதப்படுவது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் சித்தப்பா தாத்தாவின் படம் இருக்கிறது. ஐ.என்.ஏ. சீருடை, பக்கவாட்டில் சாய்த்த தொப்பி. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா காட்டுவார்: "நேதாஜி படை." பாட்டியின் அப்பாவுக்குப் படம் இல்லை. 1943இல் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அந்தக் கதையை எங்கள் வீட்டில் சமையலறையில்தான் பேசுவார்கள். ஒரே தோட்டத்து லயத்திலிருந்து ஒரே வருடத்தில் கிளம்பிய அண்ணன் தம்பி. ஒருவர் கூடத்தில், ஒருவர் சமையலறையில்.

நான் வசிக்கும் தஞ்சோங் மாலிமில் இருந்து வடக்கே அரை மணி நேரம் மோட்டாரில் போனால் சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் துரோலாக் பக்கமிருந்து ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலையிலேயே உருண்டு வந்தன. முப்பதுக்கும் குறைவானவை. 11ஆவது இந்திய டிவிஷனின் இரண்டு பிரிகேடுகள் அந்தச் சாலையில் மைல் கணக்கில் நீண்டு கிடந்தன. முன்னால் இருந்த பட்டாளம் நொறுங்கிய செய்தி பின்னால் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. தொலைபேசிக் கம்பி போதாது, வயர்லெஸ் சரியில்லை. ஒரு பஞ்சாப் பட்டாளம் சாலையில் வரிசையாக நடந்து வந்துகொண்டிருந்தபோதே டாங்கிகள் எதிரே வந்தன. குளுனி தோட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கூர்க்காக்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வந்தன. காலை எட்டரை மணிவாக்கில் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பான் கையில். 3,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். நான்கே நாளில், ஜனவரி 11இல், கோலாலம்பூர் போயிற்று.

என் ஆட்டத்தில் கணினி செய்ததைவிட இது ஒன்றும் புத்திசாலித்தனமானது அல்ல. ஒரே கொடி, ஒரே தளபதி, ஒரே சாலை. அப்படி இருந்தும் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

ஊரைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிடலாம். இங்கே இருக்கும் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் (1922இல் தொடங்கியது, இன்றைய உப்சி பல்கலைக்கழகத்தின் முன்னோடி) படித்தவர் இப்ராஹிம் யாக்கோப். 1938இல் கெசத்துவான் மெலாயு மூடா இயக்கத்தைத் தொடங்கியவர். ஜப்பானியரோடு சேர்ந்தால் மலாயாவுக்கு விடுதலை என்று நம்பி அவர்களுக்கு உதவினார். ஜப்பான் ஜெயித்த சில மாதங்களிலேயே, 1942 நடுவில், அந்த இயக்கத்தையே கலைத்துவிட்டது. வழி காட்டியாகிவிட்டது, போய்வா. மலாய் நண்பர்களிடம் இதைப் பேசினால் ஒரு சங்கடமான சிரிப்பு வரும். எனக்கும் அதே சிரிப்புதான் வருகிறது, என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதைப் பார்க்கும்போது.

சிலிம் ரிவருக்கு மூன்று வாரம் முந்தியே, அலோர் ஸ்டாரில், பஞ்சாப் பட்டாளத்து கேப்டன் மோகன் சிங் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் பேசத் தொடங்கியிருந்தார். ஃபுஜிவாரா விசித்திரமான ஆள். சொல்வதை உண்மையாகவே நம்பிச் சொன்னவர் என்றுதான் பெரும்பாலும் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 17இல் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியக் கைதிகளை பிரிட்டிஷ் அதிகாரி ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களை மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். விளையாட்டில் இதை ஒரு பொத்தானில் செய்வோம்: படையைக் கூட்டாளிக்கு மாற்று.

ஃபுஜிவாராவின் வாக்கு தோக்கியோவின் வாக்கு அல்ல என்பது சீக்கிரமே தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் பேங்காக் மாநாட்டில் இந்தியர்கள் தீர்மானங்களை நிறைவேற்றி ஜப்பானிடம் பதில் கேட்டார்கள்: எங்கள் படை உங்களுக்குச் சமமான நேசநாட்டுப் படைதானே? இந்தியாவை நீங்கள் பிடித்துவைத்துக்கொள்ள மாட்டீர்கள்தானே? தெளிவான பதில் வரவே இல்லை. ஃபுஜிவாராவை மாற்றிவிட்டு இவாகுரோவை அனுப்பினார்கள். 40,000 பேர் வரை சேர முன்வந்தும் ஏறக்குறைய 16,000 பேர் கொண்ட ஒரு டிவிஷனுக்குத்தான் அனுமதி. அதிலும் ஒரு பகுதியைக் கேள்வி கேட்காமல் பர்மாவுக்கு அனுப்பச் சொன்னபோது மோகன் சிங் மறுத்தார். டிசம்பர் 29இல் அவரைக் கைது செய்தார்கள். அந்த நிலை வந்தால் படை கலைந்ததாகக் கொள்ளுங்கள் என்று அவர் முன்பே எழுதிவைத்திருந்தார். முதல் ஐ.என்.ஏ. அத்தோடு முடிந்தது.

மோகன் சிங்கை நாம் அதிகம் கொண்டாடுவதில்லை. கூட்டாளியிடம் 'முடியாது' என்று சொன்னதற்காகச் சிறைக்குப் போனவர் அவர். கூடத்தில் ஒரு படம் அவருக்கும் மாட்டலாம்.

1943 ஜூலை 2இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவர் வந்த பிறகு என்ன ஆயிற்று என்பது மலேசியத் தமிழனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மேடைக்குப் பின்னால் நடந்த பேரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜப்பானின் தெற்குப் படைத் தளபதி தெராவுச்சியின் யோசனை இதுதான்: இந்தியாவில் சண்டையை ஜப்பானியர் போடுவார்கள், ஐ.என்.ஏ. பெரும்பாலும் சிங்கப்பூரிலேயே இருக்கட்டும், உளவுக்கும் பிரச்சாரத்துக்கும் கொஞ்சம் பேர் போதும். போஸ் ஒப்பவில்லை. இந்திய மண்ணில் விழும் முதல் ரத்தம் இந்திய வீரனுடையதாக இருக்க வேண்டும் என்றார். கடைசியில் பரீட்சார்த்தமாக ஒரு ரெஜிமெண்ட் போகலாம் என்று முடிவாயிற்று. அதுதான் சுபாஷ் பிரிகேட். அதைத் திரட்டிய இடம் நம் தைப்பிங்.

ஜோய்ஸ் லெப்ரா இந்த உறவைப் பற்றி 1971இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'காட்டுக் கூட்டணி' எனலாம். அதைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி வேலையிடம் ஞாபகம் வந்தது. நான் இங்குள்ள கார் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்யும் இடத்தில் பொறியாளர். வாடிக்கையாளரிடம் நேரே பேச முடியாது, நடுவில் ஓர் ஆள் இருப்பார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நாம் சொன்னது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருபோதும் தெரியாது. ஐ.என்.ஏ.வுக்கு அந்த ஆள் ஹிகாரி கிக்கான் என்ற தொடர்பு அலுவலகம். ஆயுதமா, அரிசியா, லாரியா, எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் கேட்க வேண்டும்.

போஸுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் பிடிவாதமாகப் பேசி சிலவற்றை வாங்கினார். ஐ.என்.ஏ. வீரனை ஜப்பானிய ராணுவச் சட்டத்தில் விசாரிக்கக் கூடாது, ஐ.என்.ஏ. சட்டத்தில்தான் விசாரிக்க வேண்டும். படையை ஒரு பட்டாளத்துக்குக் கீழே துண்டு துண்டாகப் பிரித்து ஜப்பானியர் கையில் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தோன்றும். கணினிக் கூட்டாளியோடு ஒரு ராத்திரி ஆடிப் பாருங்கள், சின்ன விஷயம் இல்லை என்று புரியும்.

அவர் வந்த ஒரே வாரத்தில் மூன்று லட்சம் வீரர்கள், மூன்று கோடி வெள்ளி என்று கேட்டார். இந்தத் தொகையை நான் பள்ளி நாட்களில் ஒரு வீர வசனமாகத்தான் கேட்டிருந்தேன். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. ஜப்பான் தரும் சோற்றிலும் துப்பாக்கியிலும் நிற்கிற படை ஜப்பான் சொல்லும் இடத்தில்தான் நிற்க வேண்டும். ஜப்பானிடமிருந்து கொஞ்சமாவது விலகி நிற்க வேண்டுமானால் சொந்தப் பணம் வேண்டும், சொந்த ஆள் வேண்டும். மலாயாவில் அது எங்கே இருந்தது? செட்டியார் பெட்டியிலும் கடைக்காரர் கல்லாவிலும் பால்மரக் காட்டிலும். பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் பெரும்பாலும் வடக்கத்தியர். 1943க்குப் பிறகு வந்து சேர்ந்த மலாயா ஆட்களில் மிகப் பெரும் பங்கு தமிழர்கள், அதிலும் தோட்டத் தொழிலாளர்கள். கூட்டாளியிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்பதற்கான விலையை எங்கள் லயத்து ஆட்கள் கட்டினார்கள்.

அதே நேரத்தில் அதே லயங்களில் இன்னொரு கணக்கெடுப்பும் நடந்துகொண்டிருந்தது.

சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கினார்கள். முதலில் நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சோறு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் வரவில்லை என்றதும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கிராணியிடம் கணக்குக் கேட்டார்கள். இலவச சினிமா என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்திப் பிடித்த கதைகளும் உண்டு. போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கணக்கில் மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 78,000 பேர், பெரும்பாலும் தமிழர். அதே கணக்கின்படி இறந்தவர்கள் 30,000 பக்கம். இந்த எண்ணை நம்பாதவர்கள் அதிகம், இறந்தவர்கள் இன்னும் கூடுதல் என்பார்கள். காட்டுக்குள் ஓடிப்போனவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று யார் பார்த்தது? காலரா, மலேரியா, பேதி. வெள்ளைக்காரக் கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. நம்மவர்களுக்கு அது எதுவும் இல்லை.

இப்போது இரண்டு தேதிகள். ரயில்பாதையின் இரு முனைகளும் சந்தித்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21.

நடுவில் நான்கு நாள். இதை முதன்முதலில் கவனித்தபோது நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பசியாறிக்கொண்டிருந்தேன். ரொட்டி சானாய் ஆறிப்போயிற்று. இரண்டு தேதிகளும் எனக்கு முன்பே தனித்தனியாகத் தெரியும். ஒன்று நேதாஜி பற்றிய பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்தது. மற்றது ஒரு ஆவணப்படத்தில் பார்த்தது. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்கவே தோன்றவில்லை.

நாட்காட்டி மட்டுமல்ல, தண்டவாளமும் ஒன்றுதான். அந்த ரயில்பாதை எதற்குப் போடப்பட்டது? பர்மா முனைக்குச் சோறும் தோட்டாவும் கொண்டுபோக. அந்த முனையிலிருந்துதான் 1944 மார்ச்சில் இம்பால் படையெடுப்பு தொடங்கியது. ஐ.என்.ஏ. வீரர்களும் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் மலாயாவிலிருந்து பர்மாவுக்குப் போன வழிகளில் ஒன்று அதே பாதை. விளையாட்டில் ரயில்பாதை போட வரைபடத்தில் கோடு இழுத்தால் போதும். ஒரு பட்டை மெல்ல நிறையும், முடிந்ததும் ஒரு மணிச் சத்தம். அந்தப் பட்டையை யார் நிரப்புகிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

அவ்வளவு உயிரைக் கொட்டிப் போட்ட பாதையிலும் இம்பாலுக்குச் சப்ளை போய்ச் சேரவில்லை என்பதுதான் கொடுமை. ரயில் பர்மாவில் கொண்டுபோய் விடும். அதற்கப்புறம் சிந்துவின் ஆறு, அதற்கப்புறம் மலை. ஜப்பானிய 15ஆவது படையின் தளபதி முத்தாகுச்சி மூன்று வாரச் சாப்பாட்டோடு மூன்று டிவிஷன்களை அனுப்பினார். கூடவே மாடுகளை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். பாரமும் சுமக்கும், பிறகு சாப்பிடவும் செய்யலாம் என்பது திட்டம். ஆற்றைக் கடக்கும்போதே ஏராளமான மாடுகள் போய்விட்டன. மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்து அங்குள்ள பிரிட்டிஷ் கிடங்குகளில் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு திட்டம் என்று இதை எழுதி மேலே அனுப்பி, மேலே இருந்தவர்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

சுபாஷ் பிரிகேடின் இரண்டு பட்டாளங்களை சின் மலையில் ஹாக்கா, ஃபாலம் பக்கம் காவலுக்கு நிறுத்தினார்கள். தன் பொறுக்கி எடுத்த வீரர்களைச் சாலை போடவும், பாலம் பழுதுபார்க்கவும், காட்டுத்தீ அணைக்கவும், ஜப்பானியருக்கு அரிசி கொண்டுபோகும் மாட்டுவண்டி ஓட்டவும் பயன்படுத்துகிறார்கள் என்று ஷா நவாஸ் கான் தன் நாட்குறிப்பில் குமுறியிருக்கிறார். முதல் ரத்தம் சிந்த வந்த படை அது. பிறகு கோஹிமாவுக்கு வா என்றார்கள். போனபோது ஜப்பானியரே பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். இனாயத் கியானியின் காந்தி பிரிகேடுக்கு வேறு செய்தி: இம்பால் இதோ விழப்போகிறது, சீக்கிரம் வா, கனமான சாமானெல்லாம் வேண்டாம். அவர்கள் இயந்திரத் துப்பாக்கிகளைப் பின்னால் விட்டு, ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா என்று ஓடினார்கள். மே தொடக்கத்தில் பாலேல் விமானத்தளத்தைத் தாக்கினார்கள். அது கைகூடவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த ஒற்றைக் கம்பளியோடு அந்த மலையில் நின்றார்கள்.

இம்பால் போனவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். திரும்பியவர்கள் 2,600 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் பல மடங்கு.

இதில் ஜப்பானியர் ஐ.என்.ஏ.வை மட்டும் வஞ்சித்தார்கள் என்று சொல்லிவிட்டால் வசதி. உண்மை அதைவிட மோசம். கோஹிமாவைச் சுற்றி வளைத்திருந்த ஜப்பானிய 31ஆவது டிவிஷனின் தளபதி சாத்தோவுக்கும் சப்ளை வரவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்து மே கடைசியில், உத்தரவை மீறி, தன் டிவிஷனைத் தானே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். ஜப்பானிய ராணுவத்தில் அப்படி ஒன்று கேள்விப்படாதது. முத்தாகுச்சி தன் மூன்று டிவிஷன் தளபதிகளையுமே பதவியிலிருந்து தூக்கினார். சொந்த ஆட்களுக்கே அவர்களிடம் சோறு இல்லை. ஐ.என்.ஏ.வுக்கு எங்கிருந்து வரும்? இருந்தாலும் பசி ஒன்றாக இருந்தது என்பதால் பங்கீடு ஒன்றாக இருந்தது என்று அர்த்தமில்லை. இல்லாததைப் பங்கிடும்போது யார் வரிசையில் கடைசி என்பதில்தான் கூட்டாளி யார் என்று தெரியும்.

அந்தமான் கதை இன்னொரு விதம். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்னில் ஒரு நாட்டைப் பொம்மை நாடாக ஆக்கினால் வரைபடத்தில் நிறம் மாறும். ஆனால் அது உங்கள் பிடியிலேயேதான் இருக்கும். 1943 டிசம்பர் கடைசியில் போஸ் அந்தமானுக்குப் போய்க் கொடியேற்றினார். தீவுகளுக்கு ஷாஹித், ஸ்வராஜ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30இல், ஹம்ஃப்ரிகஞ்சில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட 44 பேரை உளவாளிகள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றார்கள். பிப்ரவரியில் ஆளுநராகப் போய் இறங்கியவர் ஒரு தமிழர், மருத்துவர் லோகநாதன். போலீசைக் கொடு என்று கேட்டார். கொடுக்கவில்லை. அவர் கைக்கு உருப்படியாக வந்தது கல்வித்துறை மட்டும். சொந்தக் கொடி பறக்கும் ஊரில் சொந்த ஆட்கள் வதைபடுவதைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு இருந்த அந்த மனிதரைப் பற்றி யாராவது நாவல் எழுத வேண்டும்.

நாவல் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் நாட்டில் அ. ரெங்கசாமி சயாம் ரயில்பாதையை வைத்து 'நினைவுச்சின்னம்' எழுதினார். ஐ.என்.ஏ.வை வைத்து 'இமையத் தியாகம்' எழுதினார். ஒரே எழுத்தாளர், ஒரே தலைமுறை மனிதர்கள், இரண்டு புத்தகங்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' முழுக்க ரயிலுக்குத்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதியிராவிட்டால் எனக்கு இதில் பாதி தெரிந்திருக்காது. ஆனால் நாம் வாசிக்கும்போதும் இரண்டு அலமாரியில்தான் வைக்கிறோம். ஒன்று பெருமை அலமாரி, ஒன்று துக்க அலமாரி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் பெருமை குறைந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

பெருமைக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. கூலி என்று கூப்பிடப்பட்டவனை, இடுப்பு ஒடிந்து பால் வெட்டியவனை, முதன்முதலில் ஒரு நாட்டின் வீரன் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்தப் படை. தோட்டத்துப் பெண் துப்பாக்கி பிடித்து நின்றது அப்போதுதான். போர் முடிந்து திரும்பியவர்கள் வெள்ளைக்கார மானேஜர் முன்னால் தலைப்பாகையை அவிழ்க்க மறுத்தார்கள், சங்கம் வைத்தார்கள். ஐ.என்.ஏ.வில் இருந்த எஸ்.ஏ. கணபதி தொழிற்சங்கத் தலைவராகி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இதையெல்லாம் ஜப்பான் கொடுக்கவில்லை. ஜப்பான் நினைத்த படை பிரச்சாரத்துக்கு ஒரு நூறு பேர். வந்து நின்றது வேறு ஒன்று.

கணினிக் கூட்டாளி ஏன் இப்படி மக்காக இருக்கிறான் என்று ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும்போது இரண்டு காரணம் சொல்வோம். ஒன்று, அவன் ரொம்பப் புத்திசாலியாக இருந்தால் அவனே போரை ஜெயித்துவிடுவான், காசு கொடுத்து வாங்கிய உனக்கு என்ன வேலை? இரண்டாவது, அவனுக்கு உன் படை எங்கே நிற்கிறது என்று தெரியும், நீ எதற்காக அங்கே நிற்கிறாய் என்று தெரியாது. உன் எண்ணத்தைச் சொல்ல ஆட்டத்தில் வழி இல்லை. இந்த இரண்டாவது காரணத்தை நான் ரொம்ப நாளாக நம்பினேன். 1944ஐப் படித்த பிறகு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. தெராவுச்சிக்கு போஸின் எண்ணம் மிக நன்றாகத் தெரியும். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். தெரிந்தும், அது அவருடைய வரைபடத்தில் இல்லை. நார்வேக்குப் போன என் கூட்டாளியை மக்கு என்று ஏசினேனே, அவனுடைய கணக்கில் நார்வேதான் முக்கியமாக இருந்திருக்கலாம். மலாயாவை முக்கியம் என்று நினைத்தது நான்தான், ஏனென்றால் என் வீடு இங்கே இருக்கிறது.

போன மாதம் பாட்டியிடம் திரும்பவும் கேட்டேன். சித்தப்பா தாத்தா படையில் சேர்ந்தது அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகா, முன்பா? "பொறகுதான்" என்றார். கிராணி இரண்டாவது தடவை பேர் எழுத வந்த வாரம் அவர் ஐப்போவுக்குப் போய் சங்கத்தில் பேர் கொடுத்துவிட்டாராம். ரயிலுக்குப் போகாமல் தப்பிக்க ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் உண்டு என்று வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நேதாஜி பேச்சைக் கேட்டு உள்ளம் கொதித்துச் சேர்ந்தவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு காரணமும் இருந்திருக்கக் கூடாதா என்ன.

அவர் பர்மா வரை போகவில்லை. சிங்கப்பூர்ப் பயிற்சி முகாமிலேயே போர் முடிந்துவிட்டது. 1945 கடைசியில் தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது பாட்டிக்கு ஒன்பது வயது. ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாராம்: "நீங்க அவங்க ஆளுதான சித்தப்பா, எங்கப்பாவ விடச் சொல்லிக் கேக்கலயா?"

"என்ன சொன்னாரு?"

பாட்டி கூடத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேட்டேன்மா, மேல எழுதிக் குடுத்துருக்கோம்னு சொன்னாங்கன்னாரு."